திப்பு சுல்தானின் எழுத்தும் தோட்டமும்

காவிரியின் கடைமடையில் வாழும் நமக்குத் திப்பு சுல்தானைப் பற்றி எழுத அமரும்போது ஒரு தயக்கம் உண்டாவது இயல்பே. தஞ்சை வட்டாரத்து முதியோர் பெருஞ்சேதம் எதையேனும் குறிப்பிட வேண்டுமாயின் 'ஐதர் கலாபம்' என்று சொல்வது வழக்கம். 1781ஆம் ஆண்டில் ஐதர் அலியின் குதிரைப்படை தஞ்சைச் சீமைக்குள் புகுந்தது. வயல்கள் தரிசாயின; கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன; குடிகள் ஊரைவிட்டு ஓடினர். அடுத்த ஆண்டு பெப்ரவரித் திங்களில், கொள்ளிடத்திற்கு அருகே கர்னல் பிரெய்த்வெய்ட் தலைமையில் நின்ற ஆங்கிலப் படையைச் சுற்றி வளைத்து முறியடித்தவர் ஐதரின் மகன் திப்பு. மைசூர் வரலாறு வெற்றி எனப் பதிவு செய்திருக்கும் அந்த இரண்டு ஆண்டுகளை, நமது தலத்தெருவைச் சூழ்ந்த நெல்வயல்களின் வரலாறு வேறு விதமாகவே பதிவு செய்திருக்கும்.

இதனை முதலிலேயே கூறிவிடுவதற்குக் காரணம் உண்டு. திப்பு சுல்தான் ஷஹீத் (ரஹ்) அவர்களைப் பற்றி நம் மேடைகளில் பேசப்படுவன பெரும்பாலும் புலியையும் நரியையும் ஒப்பிடும் வாசகத்தோடு தொடங்கி, 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வாயிலில் அவர் வீழ்ந்ததோடு முடிந்துவிடுகின்றன. மறுபுறம், அவரை வென்ற கம்பெனியின் அதிகாரிகள் எழுதி வைத்த நூல்களோ அவரை ஒரு கொடுங்கோலர் என்பதற்கு மேல் எதுவும் கூறுவதில்லை. இரு தரப்பாருக்கும் வாள் ஒன்றே கண்ணில் பட்டிருக்கிறது. "அவர் வலியா, ஸாலிமா?" என்று நம் மாணவர்கள் வகுப்பில் கேட்கும்போது, இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு, அவர் பிறர் பார்ப்பதற்கென்று எழுதாத எழுத்துகளை முதலில் பார்க்கும்படி கூறுவது நம் வழக்கம்.

அத்தகைய எழுத்துகள் இருக்கின்றன. அவற்றைப் பாதுகாத்துத் தந்தவர்கள் அவருடைய பகைவர்களே என்பது ஒரு வேடிக்கை. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னர் அரண்மனைக் கடிதப் பதிவேடுகள் ஆங்கிலேயர் கைக்குச் சென்றன. கர்னல் வில்லியம் கிர்க்பாட்ரிக் என்பவர் அவற்றுள் பலவற்றைப் பாரசீகத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1811இல் இலண்டனில் வெளியிட்டார். திப்புவின் குணக்கேடுகளை அவருடைய சொற்களாலேயே மெய்ப்பிக்க வேண்டும் என்பதே மொழிபெயர்ப்பாளரின் நோக்கம். ஒவ்வொரு கடிதத்தின் கீழும் அவர் எழுதியுள்ள குறிப்புகள் பெரும்பாலும் கசப்பானவை. ஆனால் அக்குறிப்புகளை நீக்கிவிட்டுக் கடிதங்களை மட்டும் படித்துச் செல்வோமானால், போர்க்களத்து அரசர் ஒருவரைக் காட்டிலும், விதைக்கும் நாற்றுக்கும் கவலைப்படுகின்ற ஒரு குடியானவரையே அடிக்கடி சந்திக்கிறோம்.

பட்டுப்புழுவைப் பற்றிய கடிதங்களை எடுத்துக்கொள்வோம். 1786ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைத் தலைவருக்குச் சுல்தான் ஒரு கட்டளை அனுப்புகிறார். பட்டுப்புழுக்களைக் கொண்டுவருவதற்காக வங்காளத்திற்கு அனுப்பப்பட்ட புர்ஹானுத்தீன், கஸ்தூரி ரங்கா என்னும் இருவர் திரும்பி வந்துகொண்டிருக்கின்றனர். அவர்கள் வந்து சேர்ந்ததும் புழுக்களை எந்த இடத்தில் வைத்து வளர்ப்பது ஏற்றது என அவர்களிடமே கேட்டறிந்து ஆவன செய்யவேண்டும். புழுக்களுக்கு உணவாகும் முசுக்கட்டைச் செடிகளைப் பயிரிட வேண்டும் என்பது அதன் சாரம். நாட்டில் 21 இடங்களில் பட்டு வளர்ப்பு நிலையங்களை அமைக்க அவர் திட்டமிட்டார். அவ்விருவரின் பெயர்களையும் ஒருமுறை சேர்த்துப் படித்துப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒருவர் புர்ஹானுத்தீன், மற்றவர் கஸ்தூரி ரங்கா. வங்காளத்திலிருந்து மைசூர்வரை அந்நாளில் உயிருள்ள புழுவைச் சாகாமல் கொண்டுவருவது எத்தகைய வேலையென்பதை எண்ணிப் பார்த்தால், நம்பிக்கைக்குரியவர்களை மட்டுமே அவர் தேர்ந்திருப்பார் என்பது விளங்கும். இன்று இந்தியாவில் கச்சாப்பட்டு உற்பத்தியில் முன்னிற்பது கர்நாடகம். காஞ்சிபுரத்து நெசவாளரின் தறியில் ஏறும் பட்டு நூலின் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. நம் இல்லத் திருமணங்களில் பட்டுச்சேலைக்குக் கடைகடையாக ஏறி இறங்குவோருள் எத்தனை பேர் இதனை அறிவர்!

மஸ்கட்டில் அவருக்கு ஒரு வணிகக் கிடங்கு இருந்தது. அங்கிருந்த முகவர்களுக்கு எழுதப்பட்ட கடிதங்களில் வணிகக் கணக்குகளுக்கு நடுவே பேரீச்சங்கன்றுகளும், குங்குமப்பூ விதையும், பட்டுப்புழு முட்டைகளும், முத்துக் குளிப்போரும், கப்பல் கட்டும் தச்சர்களும் கேட்கப்படுகின்றனர். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராயிருந்த கொசிஞ்ஞிக்கு எழுதிய கடிதமொன்று நமக்கு மிகவும் பிடித்தமானது. அவர் அனுப்பிய காற்றழுத்தமானி பழையதாகிவிட்டதால் அதிலுள்ள பாதரசம் மேலும் கீழும் அசையவில்லை. ஆதலால் புதிதாகச் செய்யப்பட்ட நல்லதொன்றை அனுப்பவேண்டும் என்று சுல்தான் அதில் கேட்கிறார். பரிசாக வந்த பொருளைக் காட்சிக்கு வைத்துவிட்டு நன்றிக்கடிதம் எழுதுவது அரசர் வழக்கம். பாதரசம் அசைகிறதா என்று உற்றுப் பார்த்தவர் இவர்.

புதுச்சேரியைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1739 முதல் பிரெஞ்சுக்காரர்களின் கைக்கு வந்த நம் காரைக்காலும் புதுச்சேரியின் நிர்வாகத்திற்கு உட்பட்டதே. அந்தப் புதுச்சேரியிலிருந்துதான் 1787ஆம் ஆண்டு ஜூலையில் திப்புவின் தூதர்கள் முஹம்மது தர்வேஷ் கான், அக்பர் அலீ கான், முஹம்மது உஸ்மான் கான் ஆகிய மூவரும் பிரான்சுக்குக் கப்பலேறினர். மறு ஆண்டு ஜூனில் தூலோன் துறைமுகத்தை அடைந்து, ஆகஸ்ட் 10ஆம் நாள் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரைச் சந்தித்தனர். அவர்கள் நாடிச் சென்ற படை உடன்படிக்கை கைகூடவில்லை. ஓராண்டில் தன் அரியணையே ஆட்டங்காணப் போகும் ஒரு மன்னனிடம் அது கைகூட வழியும் இல்லை. ஆனால் சுல்தான் கேட்டிருந்த மற்றவை, அதாவது கைவினைஞர்களும், தோட்டக்காரர்களும், விதைகளும் கிடைத்தன. வரலாற்று நூல்கள் இத்தூதினைத் தோல்வி என்றே எழுதுகின்றன. தோட்டத்தின் கணக்கில் அது தோல்வியன்று.

பெங்களூரின் லால்பாக் தோட்டம் 1760இல் ஐதர் அலியால் தொடங்கப்பட்டது. மகன் அதனை விரித்தார். சுல்தான் மறைந்த மறு ஆண்டு, கம்பெனியின் ஆணைப்படி மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்த டாக்டர் பிரான்சிஸ் புக்கானன் பெங்களூர்த் தோட்டங்களைக் கண்டு எழுதியுள்ளார். நிலம் சதுரப் பாத்திகளாகப் பிரிக்கப்பட்டு, ரோஜாவுக்கு ஒரு பாத்தி, மாதுளைக்கு ஒரு பாத்தி என ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே ஒதுக்கப்பட்டிருந்ததாம். நடைபாதைகளின் ஓரங்களில் சைப்ரஸ் மரங்கள் நின்றிருந்தன. தோட்டக் கலையின் மீதிருந்த இந்தப் பற்று சட்டப் புத்தகத்திலும் புகுந்துவிட்டது. வருவாய் அதிகாரிகளுக்கு அவர் வகுத்த விதிகளின் ஆங்கிலப் பெயர்ப்பு 1792இல் கல்கத்தாவில் அச்சாகியுள்ளது. குற்றம் புரிந்த குடியானவரிடம் அபராதம் தண்டுவதற்குப் பதிலாக, ஊர் முன்றிலில் இரண்டு மாமரமும் இரண்டு வாதுமை மரமும் நடச்செய்து, அவை ஓரளவு உயரும்வரை அவரே நீரூற்றிக் காத்துவர வேண்டும் என்று ஒரு விதி அதில் காணப்படுகிறது. ஃபிக்ஹு நூல்களில் தஃஸீர் பாடத்தை நடத்தும்போதெல்லாம் நாம் இந்த மாமரங்களை நினைத்துக்கொள்வதுண்டு. மதுவையும் அவர் தம் நாட்டில் தடை செய்தார். அதனால் கருவூலத்திற்கு இழப்பு என்று அறிந்தே செய்தார் என்பதும் கருதத்தக்கது.

இனி, தனிவாழ்வு. இதற்கு நமக்குள்ள முதன்மைச் சான்று மீர் ஹுஸைன் அலீ கான் கிர்மானி எழுதிய 'நிஷானே ஹைதரி'. கிர்மானி வெறும் புகழ்பாடி அல்லர். பழைய பிரபுக்களின் ஆலோசனையை ஒதுக்கிப் புதியவர்களை உயர்த்தியது சுல்தான் செய்த பிழை என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். ஆதலால் அவர் பாராட்டும் இடங்களையும் ஓரளவு நம்பலாம். ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் குர்ஆன் ஓதுவது, உணவின்போது மைந்தர்களையும் அவையோரையும் உடன் வைத்துக்கொண்டு வரலாறும் மார்க்கமும் பேசுவது, இரவு உறங்குமுன் நூல் படிப்பது ஆகியன அவருடைய அன்றாட வழக்கங்கள். தகாத சொல் அவர் நாவில் வந்ததில்லை. நாணம் மிகுந்தவர், கணுக்காலும் மணிக்கட்டும் தவிர அவர் உடலின் வேறு பகுதியை எவரும் கண்டதில்லை என்று கிர்மானி கூறுகிறார்.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி நாட்டின் பாதி பறிபோயிற்று. 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. அப்துல் காலிக், முயிஸ்ஸுத்தீன் என்னும் சிறு மைந்தர் இருவர் பிணையாகச் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அன்றிலிருந்து சுல்தான் கட்டிலைத் துறந்து, தரையில் முரட்டுத் துணியை விரித்து உறங்கினார் என்கிறது அந்நூல். பிள்ளைகள் 1794இல் திரும்பி வந்துவிட்டனர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1787இல் அவர் எழுப்பிய பள்ளிவாசலின் முதல் தொழுகையைப் பற்றியும் ஒரு செய்தி வழங்குகிறது. பருவமடைந்த நாள்முதல் ஒரு வக்தும் தவறாதவரே இமாமாக நிற்கவேண்டும் என அறிவிக்கப்பட்டபோது, எவரும் முன்வராததால் சுல்தானே முன் சென்றார் என்பது அச்செய்தி. அது செவிவழி மரபு. அதனை அந்த அளவிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

அவருடைய நூலகத்தில் ஏறத்தாழ 2000 ஏடுகள் இருந்தன. சார்லஸ் ஸ்டூவர்ட் 1809இல் வெளியிட்ட அட்டவணையைப் புரட்டினால் தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹு, தஸவ்வுஃப், வரலாறு, மருத்துவம், கணிதம், கவிதை என எல்லாத் துறைகளும் அங்கே இருந்தமை தெரிகிறது. அவற்றுள் பெரும்பாலானவை கடப்பை, சாவனூர், கர்நாடகச் சீமை ஆகிய இடங்களிலிருந்து போரில் கைப்பற்றப்பட்டவை. விலை கொடுத்து வாங்கியவை சிலவே என்று ஸ்டூவர்ட் எழுதியிருப்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் வந்த ஏடுகளைத் தோலால் கட்டுவித்து, அட்டையின் மேற்புறத்தில் 'சர்க்காரே குதாதாத்' என்றும், கீழே 'அல்லாஹு காஃபீ' என்றும், நான்கு மூலைகளில் நான்கு கலீஃபாக்களின் பெயர்களும், நடுவில் அல்லாஹ்வின் பெயரோடு நபிகளார் (ஸல்), ஃபாத்திமா, ஹஸன், ஹுஸைன் (ரலி) ஆகியோரின் பெயர்களும் பொறிக்கச் செய்தவர் அவர். ஹஸன் அலீ இஸ்ஸத் அவருக்காகத் தொகுத்த 'முஃபர்ரிஹுல் குலூப்' ஓர் இசை நூல். இதனைக் கேட்டு நம் உலமாக்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்த ஏடுகள் இன்று இலண்டன், கல்கத்தா, கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு எனச் சிதறிக் கிடக்கின்றன. குர்ஆன் பிரதி ஒன்று விண்ட்சர் அரண்மனைக்குப் போயிற்று.

அரபுப் பாடம் நடத்துவோருக்கு அவருடைய நாட்காட்டி ஒரு விருந்து. ஹிஜ்ரி ஆண்டுக்குப் பதிலாக, நபிகளாரின் (ஸல்) பிறப்பிலிருந்து தொடங்கும் 'மவ்லூதி' ஆண்டினை 1786-87 அளவில் அவர் நடைமுறைப்படுத்தினார். அது நம் நாட்டுப் பஞ்சாங்கத்தைத் தழுவியது. பிரபவ முதலிய அறுபது ஆண்டுச் சுழற்சிக்கு அரபு, பாரசீகப் பெயர்கள் சூட்டப்பட்டன. மாதப் பெயர்களில்தான் சுவை இருக்கிறது. அஹ்மதீ, பஹாரீ, ஜஃபரீ, தாராயீ, ஹாஷிமீ, வாஸியீ, ஸபர்ஜதீ, ஹைதரீ, துலூயீ, யூஸுஃபீ, ஈஸிதீ, பயாஸீ என்பன முதலில் வழங்கிய பன்னிரண்டு பெயர்கள். மக்தபில் 'அப்ஜத், ஹவ்வஸ்' என்று ஓதிய பிள்ளைக்கு இதன் பூட்டு உடனே திறந்துவிடும். அலிஃப் 1, பா 2, ஜீம் 3 என முதலெழுத்தின் எண்மதிப்பே மாதத்தின் வரிசையெண். பத்தாவது மாதம் யா. பதினோராவது மாதமான ஈஸிதீ அலிஃபும் யாவும் சேர்ந்து தொடங்குவது. ஒன்றும் பத்தும் பதினொன்று. பயாஸீ பாவும் யாவும். இரண்டும் பத்தும் பன்னிரண்டு. பெயரைக் கேட்டாலே எத்தனையாவது மாதமென்று குமாஸ்தாவுக்குத் தெரிந்துவிடும். காசுகளிலும் இதே மனம்தான் வேலை செய்தது. பொற்காசுகள் அஹ்மதீ, ஸித்தீக்கீ, ஃபாரூக்கீ. வெள்ளியில் ஹைதரீ, இமாமீ, ஆபிதீ, பாக்கிரீ, ஜஃபரீ, காஸிமீ. செப்புக் காசுக்கு வெள்ளிக் கோளின் பெயரான ஸுஹ்ரா. ஆட்சிக்கு இவையெல்லாம் இன்றியமையாதவையா என்று கேட்டால் இல்லையென்றே சொல்ல வேண்டும். பெயர் மாற்றத்தில் அவர் செலவிட்ட நேரம் சற்று அதிகம் என்பதே நம் கருத்து.

எல்லாவற்றினும் அந்தரங்கமானது கனவேடு. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின், அவருடைய படுக்கையறையில் கர்னல் கிர்க்பாட்ரிக் அதனைக் கண்டெடுத்தார். உடனிருந்த தலைமை முன்ஷி ஹபீபுல்லாஹ் அப்படியொரு ஏடு உண்டென்று அறிந்திருந்தாரே தவிர, அதன் உள்ளே எழுதியிருந்ததைப் பார்த்ததில்லை. எவரேனும் நெருங்கினால் சுல்தான் அதனை மறைத்துவிடுவாராம். 1785 முதல் 1799ஆம் ஆண்டின் தொடக்கம் வரை கண்ட 37 கனவுகளைத் தம் கையாலேயே பாரசீகத்தில் அதில் எழுதியிருக்கிறார். பாகிஸ்தானின் வரலாற்றறிஞர் மஹ்மூத் ஹுஸைன் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்திருக்கிறார். அலீ (ரலி) அவர்களும், கவிஞர் ஜாமியும் அக்கனவுகளில் வருகின்றனர். ஒரு கனவில் வெள்ளித் தட்டுகள் மூன்றில் சாறு நிறைந்த பேரீச்சம்பழங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்று பகைவரின் நாடுகள் தம் வசமாகும் என்று அவரே தஃபீர் எழுதிக்கொள்கிறார். அது பலிக்கவில்லை. பகையும் அச்சமும் உறக்கத்திலும் அவரை விடவில்லை என்பதற்குப் பல கனவுகள் சான்றாகின்றன. பிற சமயத்தாரைக் குறித்த கடுஞ்சொற்களும் அவற்றில் உண்டு.

ஆனால் வேறொரு கனவும் அதே ஏட்டில் உள்ளது. பின்பக்கம் சற்றே சிதைந்த பெரிய கோயில் ஒன்றனுள் சுல்தான் நுழைகிறார். உள்ளே இருக்கும் சிலைகளின் கண்கள் மனிதக் கண்களைப் போல அசைகின்றன. பெண் வடிவிலிருந்த ஒரு சிலையிடம் யாரென்று வினவுகிறார். தாங்கள் நெடுங்காலமாக இறைவனை வணங்கி வருவதாக அது விடையளிக்கிறது. நல்லது, இறைநினைவிலேயே இருங்கள் என்று கூறிவிட்டு, சிதைந்த கட்டடத்தைச் செப்பனிடும்படி தம் ஆட்களுக்கு ஆணையிடுகிறார். அரசியல் தந்திரத்திற்காக வெளியே நடிப்பது ஒருவருக்கு இயலும். தாம் மட்டுமே படிக்கும் ஏட்டில் யாருக்காக நடிப்பது?

1791இல் பரசுராம பாவுவின் மராட்டியப் படை சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, சாரதா தேவியின் சிலையை மீண்டும் நிறுவப் பொருளும் ஆடையும் அனுப்பி, மடத்தின் தலைவருக்கு மரியாதை நிறைந்த கடிதங்கள் எழுதினார் சுல்தான். கன்னடத்திலுள்ள அக்கடிதங்களை 1916இல் மைசூர்த் தொல்லியல் துறையின் நரசிம்மாச்சார் மடத்தில் கண்டெடுத்து வெளிப்படுத்தினார். இதனைச் சொல்லும் நம்மவர்கள் 1784இல் மங்களூர்க் கத்தோலிக்கர் சிறைப்பிடித்துச் செல்லப்பட்டதையும், குடகிலும் மலபாரிலும் நிகழ்ந்தவற்றையும் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். அவற்றைச் சொல்பவர்கள் சிருங்கேரியை விட்டுவிடுகின்றனர். கிளர்ந்தெழுந்த குடிகளின் மீது அவர் கை கடுமையாகவே விழுந்தது. ஷஹீத் என்று அவரை மதிக்கும் நாம், அந்தக் குடும்பங்கள் நடந்த வழியையும் அறிந்திருப்பது அமானிதத்தின்பாற்பட்டதே. நம் தஞ்சைச் சீமையின் கலாபத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தே எழுத வேண்டும்.

காவிரிக்குத் திரும்புவோம். கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர் அணையின் பணிகள் 1911இல் தொடங்கியபோது, பாரசீகத்தில் பொறிக்கப்பட்ட கல்லொன்று அங்கே கிடைத்தது. அதே இடத்தில் ஓர் அணைக்கு 1794இல் திப்பு சுல்தான் அடிக்கல் நாட்டியதை அது அறிவிக்கிறது; நாள் அவருடைய மவ்லூதி ஆண்டுக் கணக்கிலேயே குறிக்கப்பட்டுள்ளது. அந்த நீரைக்கொண்டு தரிசு நிலத்தைப் புதிதாகத் திருத்தி விளைவிப்போர், ஏனையோர் செலுத்தும் வரியில் நான்கில் மூன்று பங்கு செலுத்தினால் போதும். எஞ்சிய ஒரு பங்கு அல்லாஹ்வுக்காக விடப்படுகிறது என்கிறது கல்வெட்டு. போர் குறுக்கிட்டதால் அணை எழவில்லை. இன்று காவிரித் தீர்ப்பின்படி நம் காரைக்காலுக்கு உரிய பங்கு 7 டி.எம்.சி. அந்தக் கல் கிடைத்த இடத்தைக் கடந்து, மேட்டூரிலும் கல்லணையிலும் தங்கி, அரசலாற்று வழியாக அந்நீர் நம் ஊருக்கு வந்து சேர்கிறது, வந்து சேரும் ஆண்டுகளில்.